அழிக்காமல் விட்ட குரல்

இருபத்து நான்கு வருடம் கழித்து எங்கள் ஆல்பம் வெளிவந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். என் டிரைவிங் ஸ்கூலில் இன்னும் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு அம்மாள்கூட நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "சார், நீங்க டிரம்ஸ் எல்லாம் அடிப்பீங்களா?" என்று என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். இல்லை. அது ரெக்கார்டிங் கம்பெனி அலமாரியிலேயே பூஞ்சை பிடித்துக் கிடந்திருக்கலாம் என்று தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் தடிக்கம்பியை நினைத்துத்தான்.

தடிக்கம்பி எங்கள் ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். அந்த கிட்டாருக்கு நாலே கம்பி; நாலும் தடி. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. மற்றபடி ஆள் ஒல்லி. எதிர்க்காற்று அடித்தால் நாங்கள் அவன் சட்டையைப் பிடித்துக்கொள்வோம். இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எக்ஸ்ரே எடுக்கிறான். இருபத்திரண்டு வருடமாக அதே அறை. ஜன்னல் கிடையாது. கதவுக்குள் ஈயத்தகடு வைத்திருப்பதால் அதைத் தள்ளத் தோள்பலம் வேண்டும். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்ப். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்க அவன் சட்டைப் பையில் ஒரு சின்னப் பட்டை. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை அவன் பேசுவது மூன்றே வாக்கியம்: "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. விடுங்க." ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேரிடம். ஒரு தடவை நான் விலா எலும்பை உடைத்துக்கொண்டு போய் நின்றபோது எனக்கும் அதையேதான் சொன்னான், என்னை அன்றைக்குத்தான் பார்க்கிறவன் மாதிரி.

குழுவில் நாங்கள் நாலு பேர். நான் டிரம்ஸ். லீடு கிட்டார் வாசித்தவனை லீடு என்றே கூப்பிடுவோம். பாடகன் மைனர். மைனருக்கு எல்லாம் அமைந்திருந்தது: உயரம், முடி, முன்னால் நின்று கையைத் தூக்கினால் கூட்டத்தையே கை தூக்க வைக்கிற என்னவோ ஒன்று. கண்ணாடி இருக்கிற இடத்தில் அவனைத் தனியாக விட்டால் அன்றைக்கு ஒத்திகை நடக்காது. ஆனால் குரல் உண்மையிலேயே நல்ல குரல். அதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

தடிக்கம்பிக்கும் குரல் இருந்தது. அது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் யாராவது பாட்டை முணுமுணுத்தாலே செருப்பைத் தேடுகிற அப்பா அவனுக்கு. அதனால் அங்கே அவன் வாயைத் திறந்ததே கிடையாது. மேடையில் முன்னால் நிற்கச் சொன்னால் கை கால் உதறும். "பாட ஆசையே இல்லையாடா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஆசை இருக்குடா. பாக்கறதுக்கு ஆள் இல்லாம இருந்தா பாடுவேன்," என்றான்.

அப்படிப்பட்டவனுக்கென்றே ரெக்கார்டிங்கில் ஒரு வேலை இருந்தது. ராக் ஆல்பத்தில் முதலில் டிரம்சும் பேஸும் பதிவாகும். பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக யாராவது ஒருத்தர் கண்ணாடி அறைக்குள் நின்று பாட்டை முழுக்கப் பாடிவிடுவார். கைடு குரல் என்பார்கள். பாடகன் எப்படிப் பாடுவானோ அப்படியே பாட வேண்டும். பிறகு பாடகன் சாவகாசமாக வருவான். கைடை அழித்து அதே இடத்தில் அவன் குரலைப் பதிவு செய்வார்கள். அந்தச் சமயம் பார்த்து மைனருக்குத் தொண்டை வீங்கி, பன்னிரண்டு நாள் வெறும் காற்றுதான் வந்தது. ஒன்பது பாட்டுக்கும் கைடு பாடியது தடிக்கம்பி. திரையை இழுத்துவிடச் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு, அச்சு அசல் மைனர் மாதிரியே பாடினான். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், மைனரைவிட ஒரு படி மேலே பாடினான்.

டிரம்ஸ் முதலிலேயே முடிந்துவிடுவதால் அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. சும்மா இருக்கிறவன் தலையில் கட்டுகிற வேலை ஒன்று உண்டு. டேப் பெட்டிக்குள் வைக்கிற தாளை நிரப்புவது. எந்தப் பாட்டு, எந்த டிராக்கில் என்ன இருக்கிறது, யாருடையது. குரல் என்ற இடத்தில் ஒன்பது தாளிலும் மைனர் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்தேன். கைடு பாடியவன் பெயரை யாரும் எழுதுவதில்லை. நாளைக்கு அழியப்போகிற குரலுக்குப் பெயர் எதற்கு? மைனர் தொண்டை சரியாகி வந்து மூன்று பாட்டு பாடினான். நாலாவது பாட்டுக்கு அவன் மைக் முன்னால் நின்றபோது கம்பெனியிலிருந்து ஆள் வந்துவிட்டது. புது முதலாளிக்கு இந்த இரைச்சல் வேண்டாமாம். சாமான்களைக் கட்டச் சொன்னார்கள். டேப் கம்பெனிக்கே சொந்தம் என்று நாங்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தோம். ஆக, மூன்று பாட்டில் மைனர், ஆறு பாட்டில் தடிக்கம்பி, ஒன்பது தாளிலும் என் கையால் எழுதிய ஒரே பெயர். எல்லாம் அலமாரிக்குள் போயின. தன் கிட்டார் வேலையை முன்பே முடித்துவிட்ட லீடு அப்போது வெளிநாட்டில் இருந்தான். மைனர் ஒன்பதையும் பாடி முடித்துவிட்டான் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. செத்த ஆல்பத்தைப் பற்றி என்ன பேச்சு?

மறுவருடம் மைனர் தடிக்கம்பியின் தங்கச்சியைக் கல்யாணம் செய்துகொண்டான். அந்த நாலாவது பாட்டை மைனர் எழுதியதே அவளை நினைத்துத்தான் என்று எங்களுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். தடிக்கம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொந்தத் தங்கச்சியின் கண்ணையும் கழுத்தையும் வர்ணித்து அவனல்லவா இருட்டறையில் உருகி உருகிப் பாடியிருக்கிறான்? நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "நல்லவேளை, அந்தக் கருமம் வெளியே வரல," என்று அவனும் சிரித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மைனர் டயர் கடையில் மேனேஜராக இருந்தபோது, வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே கீழே சாய்ந்தான். மூளையில் ரத்தக் கட்டி. வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு முழுக்கப் போயிற்று. புத்தி தெளிவாக இருக்கிறது. சொல்வதெல்லாம் புரிகிறது. ஆனால் வாயில் வருவது ஒரே வார்த்தை: "சரி." பசித்தாலும் சரி. வலித்தாலும் சரி. கோபம் வந்தால் அதையே கத்துவான்.

அன்று காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒழுகுகிற குழாயைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசியில் தங்கச்சி, "உங்க குரலக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அவன் குரலைப் பற்றி அவள் சொன்ன கடைசி வார்த்தை அது. இதை அவளே என்னிடம் சொன்னாள், ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, தன் தலையில் தானே அடித்துக்கொண்டு. வீட்டில் அவன் பேசிய பதிவு ஒன்றாவது இருக்கிறதா என்று பழைய போன்களை எல்லாம் தோண்டினாள். போட்டோதான் இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் எடுத்த போட்டோ, நூற்றுக்கணக்கில்.

இந்த நிலைமையில்தான் லீடு புண்ணியம் செய்வதாக நினைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கம்பெனிக் கட்டடத்தைக் காலி செய்கிறார்கள், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். விமானம் ஏறி வந்து டேப்பை வாங்கினான். பழைய டேப் அப்படியே ஓடாது; மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்து எடுத்தால்தான் ஓடும். அதையும் செய்தான். தாளில் என் கையெழுத்தைப் பார்த்தான், நம்பினான். மைனருக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஒருத்தரிடமும் மூச்சுவிடாமல் இணையத்தில் வெளியிட்டுவிட்டுத்தான் எங்களுக்குச் சொன்னான்.

தங்கச்சி முதலில் போன் செய்தது அண்ணனுக்குத்தான். அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

"அண்ணா, அவர் குரல்ணா. திரும்பி வந்துடுச்சுண்ணா."

"எந்தப் பாட்டும்மா?"

"நாலாவது. எனக்காக எழுதினாரே, அது. எவ்ளோ நல்லாப் பாடியிருக்காரு! நீ கேட்டியா?"

"கேட்டேம்மா. நல்லாத்தான் பாடியிருக்கான்."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டான்.

நான் அவனைக் கிழி கிழியென்று கிழித்தேன். "மடையா, அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. அவன் பாடினதும் மூணு இருக்கே, அதைக் கேட்டுட்டுப் போறா."

"அவளுக்கு நாலாவதுதான்டா வேணும். ரெண்டு வருஷமா அழுதுட்டே இருந்தவ, முதல் தடவையா சந்தோஷமா அழறா. அவகிட்ட போய், நீ கேக்கறது உன் புருஷன் இல்ல, நான்னு சொல்லவா? அதுவும் அந்தப் பாட்டை?"

தங்கச்சிக்கு அண்ணன் குரல் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அவன் பாடி அவள் கேட்டதே இல்லையே. பேசுகிற குரல் வேறு, பாடுகிற குரல் வேறு. அதுவும் இன்னொருத்தன் மாதிரி பாடிய குரல்.

ஆல்பம் வேறு வேகமாகப் பரவித் தொலைத்தது. இசையைப் பற்றி எழுதுகிற ஒரு மேதாவி, ஆறு பாட்டுகளில் பாடகர் உயிரைக் கொடுத்திருக்கிறார், மூன்றில் ஏனோ சற்றுக் களைத்துத் தெரிகிறார் என்று எழுதினார். எந்த மூன்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் நர்சுகள் அந்தப் பாட்டை எக்ஸ்ரே அறைக்குள்ளேயே வைத்துக் கேட்டார்கள். "இந்த ஆள் குரல்ல என்னமோ இருக்கு சார், யாரு சார் இவரு?" என்று ஒருத்தி அவனிடமே கேட்டாள். "என் மச்சான்," என்று சொல்லிவிட்டு ஈய மேலங்கியை மாட்டிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறான். வாழ்க்கை முழுக்க ஆசைப்பட்டது கடைசியில் காதில் விழுகிறது, வேறொருவன் பெயரில். அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கத்தான் பார்த்தான். எனக்குத்தான் தாங்கவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வருகிற பேச்சுப் பயிற்சியாளர் அம்மா ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத் துள்ளிக் குதித்தார். பேச்சு போனவர்களுக்குப் பாட்டு வழியாகப் பேச்சு திரும்ப வாய்ப்பு உண்டாம். அதிலும் சொந்தக் குரலில் பாடிய பாட்டென்றால் கேட்கவே வேண்டாமாம். தினமும் அரை மணி நேரம் பாட்டைப் போட வேண்டும், கூடவே பழக்கமான ஒருத்தர் வரி வரியாகப் பாட வேண்டும், மைனர் சேர்ந்து பாட முயல வேண்டும்.

தங்கச்சி அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் அந்த குரூப்ல இருந்தவன்தானே, உனக்குப் பாட்டு தெரியுமில்ல? அவர் மாதிரி வரலைன்னாலும் பரவால்லண்ணா. சும்மா கூடவே சொல்லு போதும்."

ஒரு நாள் நானும் போயிருந்தேன். போயிருக்கக் கூடாது. கூடத்தில் மைனரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூலில் தடிக்கம்பி. மேஜைமேல் ஒரு சின்ன ஸ்பீக்கர். தங்கச்சி நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் உட்கார்ந்தாள். தினமும் என்ன நடந்தது என்று பயிற்சியாளருக்கு எழுதி வைக்க வேண்டும். பாட்டு ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் தடிக்கம்பி உயிரைக் கொடுத்துப் பாடுகிறான். ஸ்டூலில் தடிக்கம்பி வேண்டுமென்றே சுருதியை விட்டு, மூக்கால், இழுத்து இழுத்துப் பாடுகிறான். சரியாகப் பாடினால் தங்கச்சி கண்டுபிடித்துவிடுவாளே. அந்தக் கண்ணாடி அறையில் அவ்வளவு சுத்தமாகப் பாடியவன், தன் பாட்டையே தன் வாயால் கொலை செய்துகொண்டிருந்தான். கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றியது.

"அண்ணா, உனக்கும் பாட்டுக்கும் வெகு தூரம்," என்று தங்கச்சி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து இரண்டு வருடமாகியிருந்தது. தடிக்கம்பியும் சேர்ந்து சிரித்தான்.

மைனர் சிரிக்கவில்லை. அவன் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாதா என்ன? தான் பாடாத பாட்டு எது என்று பாடகனுக்கு மறக்குமா? தனக்குக் கிடைக்கிற பாராட்டு யாருடையது, தன் பெண்டாட்டி கண்ணை மூடிக் கேட்பது யாரை, எல்லாம் தெரியும். "சரி, சரி, சரி!" என்று கத்தினான். பிறகு இடது கையை மெதுவாகத் தூக்கி, விரலை நீட்டி, தடிக்கம்பியின் தொண்டையைத் தொட்டான். தொட்டுவிட்டுத் தங்கச்சியைப் பார்த்தான். மறுபடியும் தொட்டான்.

"ஐயோ, ஆமாங்க, பாடிப் பாடி அண்ணனுக்குத் தொண்டை காஞ்சிருக்கும்," என்று எழுந்து ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள் தங்கச்சி. "பாருங்கண்ணா, அவருக்கு எவ்ளோ அக்கறை!" என்றாள் என்னிடம்.

தடிக்கம்பி அதை வாங்கிக் குடித்தான். மைனர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெளியே வந்ததும் நான் தெருவிலேயே கத்தினேன். "இன்னிக்கே லீடுகிட்ட சொல்றேன். தாளை எழுதினவன் நான்தான். என் தப்பு, நானே திருத்திக்கறேன்."

"நீ சொன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்," என்றான். குரல் உயரவே இல்லை. "தப்புதான், தெரியும். எனக்கும் அது நான்தான்னு ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி கத்தணும்னு இருக்கு. அவகிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்டா. அதை எப்படிப் பிடுங்கறது?"

"மைனர்கிட்ட என்ன மிச்சம் இருக்கு?"

பஸ் வந்தது, அவன் ஏறிக்கொண்டான்.

நான் லீடுக்குப் போன் செய்யவில்லை. எழுத்துத் தப்பு மாதிரி அடித்துத் திருத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். திருத்தினால் உடைவது அந்தக் கூடம் முழுக்க என்று புரிந்தபோது எனக்கும் வாய் அடைத்துவிட்டது. என் வண்டியில் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம், தப்பான தெருவில் நுழைந்துவிட்டால் பதறாமல் பின்னால் எடுங்கள் என்று தினமும் சொல்கிறேன். இதில் பின்னால் எடுக்க வழியே தெரியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் மறுபடியும் போனேன். தங்கச்சிதான் கூப்பிட்டாள். மைனர் வாயில் வேறு சத்தங்கள் வருகின்றனவாம், பயிற்சியாளரும் இருக்கிறாராம், வந்து பாருங்கண்ணா என்றாள். பகல் பதினொரு மணி. அதே கூடம், அதே ஸ்டூல். தடிக்கம்பி அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தான். நாலாவது பாட்டைப் போட்டார்கள்.

முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியில் மைனர் உதடு துடித்தது. தாடை ஒரு பக்கம் கோணி இழுத்தது. நெற்றியில் நரம்பு புடைத்தது. "வருது, வருது," என்று பயிற்சியாளர் பாட்டின் ஒலியைக் குறைத்தார். தங்கச்சி நோட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நா..." என்றான் மைனர்.

"சொல்லுங்க. சொல்லுங்கங்க."

"நா... ன்."

"நான்! சரியா சொல்றீங்க. நான்... அப்புறம்?"

இடது கையால் ஸ்பீக்கரைக் காட்டினான். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. இரண்டு வருடமாக அடைத்துக் கிடந்த தொண்டையிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக இழுத்து வெளியே போட்டான்.

"நான்... இல்ல."

ஸ்பீக்கரில் பாட்டு மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. விட்டது தொல்லை, சொல்லிவிட்டானடா என் சிங்கம் என்று உள்ளுக்குள் கத்தினேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

தங்கச்சி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "என்னங்க இப்படிச் சொல்றீங்க? நீங்கதாங்க. நீங்கதான் பாடினது. எனக்காகப் பாடினது. மறந்துபோச்சா?" அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே உடைந்துகொண்டிருந்தது. திரும்பி அண்ணனைப் பார்த்தாள். "நீ சொல்லுண்ணா. நீ கூடவே இருந்தியே. இவர்தானே?"

மைனரும் அவனைத்தான் பார்த்தான். அப்படி ஒரு கெஞ்சலை நான் எந்த மனிதன் கண்ணிலும் பார்த்ததில்லை.

தடிக்கம்பி குனிந்து மைனர் தோளில் கை வைத்தான்.

"ஆமா மாப்ள. நீதான்."

மைனர் என் பக்கம் திரும்பினான். நானும் தலையாட்டினேன்.

பயிற்சியாளர் தங்கச்சியின் தோளைத் தட்டி, கவலைப்பட வேண்டாம், இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியதே பெரிய முன்னேற்றம், ஞாபகத்தில்தான் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது, அதுவும் போகப்போகச் சரியாகும் என்றார். நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மைனர் வாயைத் திறக்கவே இல்லை. பயிற்சியாளர் பாட்டு நேரத்தை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாக்கியிருக்கிறார்.